கரையொதுங்கிய சாட்சி

2020ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாணந்துறைக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, கடற்படையினரும் ஊர்மக்களும் இரவிரவாகத் தண்ணீரில் நின்று அவற்றைக் கடலுக்குத் தள்ளிவிட்டார்கள். பெரும்பாலானவை பிழைத்தன. அது நற்செயல் என்பதற்கு நியாயம் தேட வேண்டியதில்லை. ஆனால் செத்துக் கிடக்கும் ஒரு திமிங்கிலத்தை லொறியில் ஏற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் கொண்டுபோய், அதன் குடலையும் ஈரலையும் கீறி, அது எந்த நோயினால் மாண்டது என்று ஆராய்வது? மனிதருக்கே போதிய வைத்தியம் இல்லாத உலகில் அதற்குப் பணம் செலவிடலாமா? வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

மிருகங்களைப் பற்றி மெய்யியலாளர் சொன்னவை இங்கே அவ்வளவாக உதவுவதில்லை. மிருகத்தை வதைப்பவன் நாளை மனிதனையும் வதைப்பான், ஆகவே அது தீது என்றார் புனித தோமஸ் அக்குவினாஸ். அவை துன்பத்தை உணருமா என்பதே கேள்வி என்றார் ஆங்கிலேயரான பெந்தாம். இருவருமே உயிருள்ள மிருகத்தை மனதிற் கொண்டு பேசினார்கள். இறந்த திமிங்கிலம் வதைபடுவதுமில்லை, நோவதுமில்லை. அப்படியானால் அதற்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

கனடாவிலே, சென்ற் லோறன்ஸ் நதியின் அகன்ற முகத்துவாரத்தில் பெலுகா எனப்படும் வெள்ளைத் திமிங்கிலங்கள் வாழ்கின்றன. 1930களில் இவை மீனவரின் எதிரிகள் என்று கருதப்பட்டன. கொட் மீனையும் சமன் மீனையும் தின்று தீர்க்கின்றன என்பது குற்றச்சாட்டு. கியூபெக் அரசாங்கம் கொன்ற பெலுகா ஒன்றுக்கு 15 டொலர் சன்மானம் கொடுத்தது. விமானத்திலிருந்து குண்டு போட்டதும் உண்டு. பின்னர் விளாடிகோவ் என்னும் விஞ்ஞானி, கொல்லப்பட்ட பெலுகாக்களின் இரைப்பைகளைத் திறந்து பார்த்தார். பெரும்பாலும் சிறு மீன்களும், கணவாயும், சேற்றுப் புழுக்களுமே இருந்தன. குற்றவாளி தன் வயிற்றைக் காட்டித் தன்னை நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதுவும் செத்த பின்பு. வேட்டை முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1979இலேதான்.

தடைக்குப் பின்னரும் சடலங்கள் கரையொதுங்கியபடியே இருந்தன. 1983 முதல் மொன்றியல் பல்கலைக்கழகத்து மிருகவைத்தியர்கள், டானியல் மாட்டினோவும் அவருடைய தோழர்களும், அவற்றைப் பிரேத பரிசோதனை செய்யத் தொடங்கினார்கள். 1999 வரையான 17 ஆண்டுகளில் இறந்து கிடந்தவை 263. பரிசோதிக்கக்கூடிய நிலையில் இருந்தவை 129. அவற்றுள் வளர்ந்த பெலுகாக்களில் 27 சதவீதத்திற்குப் புற்றுநோய் இருந்தது. அதிலும் சிறுகுடற் புற்றுநோய். மற்றக் கடல்களில் வாழும் திமிங்கிலங்களில் புற்றுநோய் மிக அரிதாகவே காணப்பட்டிருந்தது.

அந்த முகத்துவாரத்தில் வந்து கலக்கும் சாகனே ஆற்றின் கரையில் அலுமினிய ஆலைகள் பல பத்தாண்டுகளாக இயங்கின. அவற்றின் தாரிலிருந்து வெளிப்படும் நச்சுப் பொருட்கள் ஆற்றின் அடிச் சேற்றிற் படிந்தன. பெலுகாவோ சேற்றைக் கிளறி இரை தேடும் பிராணி. விஞ்ஞானிகள் இரண்டையும் தொடுத்துப் பார்த்தார்கள். உடனே மறுப்பும் வந்தது: இறந்தவற்றை மட்டும் எண்ணி, வாழ்பவை எல்லாவற்றிற்கும் கணக்குச் சொல்லலாமா? நேர்மையான மறுப்புத்தான். இந்த ஆலைகள்தாம் காரணம் என்று முடிந்த முடிபாக நிரூபிப்பதும் எளிதன்று.

குருமடங்களில் ஒழுக்கவியல் படிப்பிக்கும்போது ஒரு வேடனின் கதை சொல்வதுண்டு. புதர் அசைகிறது. உள்ளே இருப்பது மானா, மனிதனா என்று தெரியவில்லை. தெரியாதபடியால் சுடலாம் என்று அவன் வாதாட முடியாது, தெரியாதபடியாலேதான் சுடக்கூடாது. அங்கே அறியாமையையும் இரண்டாகப் பிரிப்பார்கள். எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று. அதற்குக் குற்றமில்லை. முயன்றால் நீக்கக்கூடியதாயிருந்தும் நீக்காமல் விட்ட அறியாமை மற்றது. அதற்கு மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கரையில் கிடக்கும் சடலத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு மணலில் புதைத்துவிட்டு, ஆற்றில் என்ன கலந்திருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது என்று சொல்வது இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதே என் எண்ணம். (கொழுப்பு அழுகும் நாற்றம் இலேசானதல்ல, அந்த வைத்தியர்களின் பொறுமையையும் நாம் மெச்சத்தான் வேண்டும்.)

இதில் திமிங்கிலத்திற்காக ஆராய்கிறோமா, மனிதனுக்காக ஆராய்கிறோமா என்று பிரிப்பதும் கடினம். அதே வகை ஆலைகளின் உலைக்கூடங்களில் வேலைசெய்த தொழிலாளருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததை 1980களில் கியூபெக் வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். தொழிலாளியின் நெஞ்சுக்குள் போன புகையும் பெலுகாவின் இரையோடு போன சேறும் ஒரே தாரின் பிள்ளைகள். சம்பளம் வாங்கியவனுக்கும் வாங்காத மிருகத்திற்கும் நஞ்சு வேற்றுமை பாராட்டவில்லை. மனிதருக்கு வைத்தியம் போதாதபோது மிருகத்திற்கு ஏன் என்று கேட்பவருக்கு நான் இந்த உலைக்கூடத்தையே காட்டுவேன்.

1970களில் ஆலைகளின் கழிவு கட்டுப்படுத்தப்பட்டது. 2012 வரையில் பரிசோதிக்கப்பட்ட பெலுகாக்களின் வயதைக் கணித்துப் பார்த்தபோது, 1971இற்குப் பின் பிறந்த எதிலும் புற்றுநோய் காணப்படவில்லை. கழிவு குறைந்ததன் பயனே இது என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். ஆனால் பரிசோதனை மேசை வெறுமையாகிவிடவில்லை. 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் இறந்த கன்றுகள் வழக்கத்திலும் கூடுதலாகக் கரையொதுங்கின. பேற்றின்போது இறந்த தாய்களும் வந்து சேர்ந்தன. இரை குறைந்ததா, கப்பல்களின் இரைச்சலா, வேறு இரசாயனங்களா என்று இப்போது அவற்றைக் கீறித் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.