கூரியர்காரரை விரட்டிய நாய்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். பழைய கறுப்புச் சட்டைக்காரர். மகனுக்கு ராகு காலத்தில்தான் பெண் பார்க்கப் போனார் என்பது இன்றும் தெருவில் பேசப்படும் கதை. அந்த மகன் ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கிவந்து ஆறு மாதம் கொஞ்சிவிட்டுக் கனடாவுக்கு விமானம் ஏறிவிட்டான். நாய் சாரிடமும் டீச்சரம்மாவிடமும் தங்கிவிட்டது. பெயர் சீசர். நான்கு வயதில் அது சாரின் கையைக் கடித்தது.

சார் காயத்தைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினார். அன்றே போய் ஊசியும் போட்டுக்கொண்டார். சுண்ணாம்பு தடவ வந்த பக்கத்து வீட்டுப் பாட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதுவரை எல்லாம் சரி. டீச்சரம்மா தன் வழியில் போனார். தேய்பிறை அஷ்டமியன்று பைரவருக்கு வடைமாலை சாத்தி, மந்திரித்த தாயத்து ஒன்றை வாங்கிவந்து நாயின் கழுத்துப்பட்டையில் கட்டினார்.

சார் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தீங்களா தம்பி, நாய்க்குத் தாயத்து! அதுவும் எங்க வீட்டிலேயே!" அப்போது அவருடைய இடது கையில் கட்டு, வலது கையில் பிரம்பு.

நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டில் தாயத்துகள் இரண்டு. கழுத்தில் தொங்கியதால் நாய்க்கு வலி இல்லை. அந்த மட்டில் டீச்சரம்மாவின் தாயத்தே மேல்.

சீசரின் அன்றாட வேலையைக் கொஞ்சம் பாருங்கள். கூரியர்காரர் கேட்டுக்கு வருகிறார். சீசர் குரைக்கிறது. அவர் பொட்டலத்தைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். எப்படியும் போயிருப்பார், இன்னும் நாற்பது வீடு பாக்கி. நாய்க்கு அது தெரியாது. குரைத்தேன், ஆள் போய்விட்டான் என்பது அதன் கணக்கு. மறுநாளும் குரைக்கிறது, மறுநாளும் போகிறார். ஒரு தடவைகூடத் தோற்காத சூத்திரத்தை யார்தான் கைவிடுவார்கள்?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1948-இல் இதைப் புறாக்களிடம் காட்டினார். பசித்த எட்டுப் புறாக்கள். அவை என்ன செய்தாலும், எதுவும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தீனி விழும். சில நாளில் ஒரு புறா கூண்டுக்குள் வட்டமடிக்கத் தொடங்கியது. இன்னொன்று தலையைக் கூண்டின் மூலைக்கு நீட்டி நீட்டி இழுத்தது. எட்டில் ஆறு இப்படி ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. கட்டுரையின் தலைப்பிலேயே மூடநம்பிக்கை என்ற சொல்லைப் போட்டார் ஸ்கின்னர். அவர் தந்த விளக்கத்தோடு பின்னால் வந்தவர்கள் மல்லுக்கு நின்றதும் உண்டு. அறிவியலில் அது வழக்கம்தான். மழைக்கு யாகம் வளர்ப்பவரைப் பார்த்துச் சிரிக்கிற நமக்கு அந்தப் புறாக்களைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

சிரமம் பிரம்பில்தான். சீசர் உறுமியது, சார் ஒரு போடு போட்டார், உறுமல் நின்றது. தீனி விழுந்தது யாருக்கு? சாருக்கு. அந்த நிமிடத்து அமைதிதான் அவருக்கு விழுந்த தீனி. நாய் எதைக் கற்றதோ தெரியாது, பிரம்பைத் தூக்க வேண்டும் என்று சார் கற்றுக்கொண்டார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதை எந்தப் புராணமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. புராணமாக இருந்திருந்தால் கேள்வி கேட்டிருப்பார். பழமொழியாக வந்ததால் தப்பித்துக்கொண்டது.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்த பிறகு ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். முப்பது வயதிருக்கும். கடிக்கிற நாய்களைப் பழக்குவது அவர் தொழில். முதல் நாள் அவர் நாயைத் தொடவேயில்லை. இரண்டு மணி நேரமும் பேச்சுதான்.

"உறுமினா என்ன செய்வீங்க அங்கிள்?"

"ஒரு போடு போடுவேன்."

"உறுமுறதை நிறுத்திடுச்சா?"

"நிறுத்திடுச்சே. ஒரு வருஷமா உறுமலே கிடையாது."

"கடிச்சது அதுக்கப்புறம்தானே?"

சார் பதில் சொல்லவில்லை. உறுமல் என்பது நாய் நீட்டுகிற மனு. பக்கத்தில் வராதே, விலகிப் போ என்று எழுதியிருக்கும். மனுவை நீட்டிய கையில் அடித்தால் மறுமுறை மனு வராது, குறை மட்டும் அங்கேயே இருக்கும்.

குறை என்ன என்பதைக் கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தார். இடது காதுக்குள் சீழ். தொங்கு காது நாய்களுக்கு, அதுவும் நம் ஊர்ப் புழுக்கத்தில், சகஜமாக வருகிற நோய். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்த ஒவ்வொரு தடவையும் வலித்திருக்கிறது. உறுமியிருக்கிறது. அடி வாங்கியிருக்கிறது. கை நெருங்கினாலே வலியும் அடியும் சேர்ந்து வரும் என்பது அது கற்ற பாடம். திமிர் என்று சார் படித்ததெல்லாம் காதுவலி.

நாய்களின் நடத்தைக் கோளாறுக்கென்று அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடக்கும் மருத்துவமனைக்கு வந்த 140 உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வொன்று 2009-இல் வெளிவந்தது. நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 விழுக்காட்டினர், அதற்குப் பதிலாக நாய் சீறியது, பாய்ந்தது என்றார்கள். ஏற்கெனவே கோளாறு உள்ள நாய்கள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் பிரம்பு எடுக்கப்படுவது அந்த நாய்களிடம்தானே?

"அதுக்குத் தெரியும்மா, தப்புன்னு" என்றார் சார், விடாமல். "செருப்பைக் கடிச்சு வெச்சுட்டு, என் முகத்தையே பார்க்காது. காதை மடக்கிக்கிட்டு மூலைக்குப் போயிடும்."

இதுவும் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை அவற்றின் வீடுகளிலேயே வைத்துச் சோதித்தார், முடிவு 2009-இல் வெளிவந்தது. தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். அவர் திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்லப்படும். சில சமயம் அது வேண்டுமென்றே சொன்ன பொய். தின்றது என்று கேள்விப்பட்டவர் நாயைத் திட்டுவார். அந்தக் 'குற்றவாளி முகம்' எப்போது வந்தது? திட்டு விழுந்தபோது. தின்றதற்கும் அதற்கும் தொடர்பில்லை. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. நாம் மனசாட்சி என்று படித்தது பயத்தை.

இந்தச் சோதனையைப் பற்றிக் கேட்டதும் சார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்ததைச் சொல்கிறேன். தலைமையாசிரியர் அறையில், முப்பது வருடத்தில், எத்தனை பிள்ளைகள் தலையைக் குனிந்து நின்றிருப்பார்கள்? குனிந்த தலையைப் பார்த்தே தீர்ப்பு எழுதிய தடவைகள் எத்தனை? பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் தடுத்தது. அதை இன்றும் வருத்தத்தோடு பேசும் பகுத்தறிவாளர்களை எனக்குத் தெரியும்.

யூடியூபில் பார்த்துவிட்டு ஒருவர் வந்து, நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும், மல்லாத்திப் போட்டு அழுத்த வேண்டும் என்றார். இந்தத் தலைவன் கதைக்கு மூலம் 1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் எழுதிய ஆய்வு. சுவிட்சர்லாந்தின் பாசெல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய புத்தகம் அதை ஊரெல்லாம் பரப்பியது. பிறகு அதே மெக் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் பக்கத்திலிருந்து பார்த்தார். கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். பதவிச் சண்டை ஏதும் இல்லை. 1999-இல் அதை எழுதினார். தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பாளரிடம் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த வேதத்தின் ஆசிரியராவது அப்படிக் கேட்டதுண்டா?

பிறவிக் குணத்தை மாற்ற முடியாது, நாய் வாலை நிமிர்த்த முடியாது, குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் நாய் நாய்தான் என்று நம்மிடம் பழமொழிகள் வண்டி வண்டியாக உண்டு. யாரை மனதில் வைத்து இவை சொல்லப்பட்டன என்று நமக்குத் தெரியும். நாயைச் சொல்வதுபோல் மனிதரைச் சொன்னவை. அதே வாய்தான் இப்போது நாய் இனங்களைப் பிரித்துப் பேசுகிறது. 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் தந்த விவரங்களை 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவோடு ஒப்பிட்டது. ஒரு நாயின் நடத்தைக்கும் இன்னொன்றின் நடத்தைக்கும் உள்ள வேறுபாட்டில் இனம் விளக்குவது ஏறத்தாழ 9 விழுக்காடு.

அதற்காக எல்லா நாயும் ஒன்று என்று சொன்னால் அது வேறொரு மூடத்தனம். பொமரேனியன் கடித்தால் பெரும்பாலும் ஊசியும் தையலும் போதும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியைக் குதறியவை இரண்டு ராட்வைலர்கள். தாடையின் பலம் பிறப்பில் வருகிறது. அது தெரிந்தும் வாய்க்கவசமும் கயிறும் இல்லாமல் விடுவது மனிதன் எடுத்த முடிவு.

இனி உரிமையாளர். நாயைக் காரணங்களின் விளைவு என்று பேசிவிட்டு, உடனே வளர்த்தவன் பக்கம் திரும்பி, வளர்ப்பு சரியில்லை என்கிறோம். பாவத்தை நாயின் தலையிலிருந்து இறக்கி மனிதன் தலையில் ஏற்றுகிற வேலை இது. சீசரை ஆசைப்பட்டு வாங்கியது சாரும் டீச்சரம்மாவும் இல்லை. குட்டிக்கு மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையிலான காலத்தில் ஆள், சத்தம், பிற நாய் எல்லாம் பழகவேண்டும் என்று நாய்களை ஆராய்ந்த ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965-இலேயே எழுதிவிட்டார்கள். குட்டியை விற்றவர் அதைச் சொல்லவில்லை. டீச்சரம்மா ஒரு வருடமாக விடிகாலை நாலரை மணிக்கு நாயோடு நடக்கப் போகிறார், எதிரில் ஆள் வராத நேரம் என்பதற்காக. அக்கா வருகிறேன் என்றபோது வெளியூர் போகிறோம் என்று பொய் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். அந்தப் பெண் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "ஆன்ட்டி, என் நாயும் கடிச்சிருக்கு" என்று தன் முழங்கையில் இருந்த தழும்பைக் காட்டினார். நான் பார்த்த அளவில் அன்றைய வைத்தியத்தில் பாதி அதுதான்.

மீதிப் பாதி ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு குரைப்புக்கும் உறுமலுக்கும் நான்கு விவரம் எழுத வேண்டும்: நேரம், இடம், அதற்குச் சற்று முன் நடந்தது, உடனே பின் நடந்தது. நாயின் குணம் என்று ஒரு வார்த்தை எழுதக்கூடாது. திமிர், பிடிவாதம், நன்றிகெட்டது எல்லாம் தடை. நன்றியுள்ளது என்பதும்தான். (நன்றியுள்ள நாய், நன்றியுள்ள வேலைக்காரன், இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பாராட்டிய பண்ணையார்கள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.) பிறகு பயிற்சி. கை ஒரு முழத்துக்கு அப்பால் வந்தவுடன் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. நாய் இறுகாமல் இருந்தால்தான் கை இன்னும் ஓர் அங்குலம் நெருங்கலாம். வாய்க்கவசத்தையும் இப்படியே பழக்கினார்கள். பார்க்கச் சலிப்பாக இருக்கும், மந்திரமோ வீரமோ எதுவும் இல்லை.

எல்லா நாயும் இப்படித் திருந்தும் என்று அந்தப் பெண் வாக்குக் கொடுக்கவில்லை. சிலவற்றுக்கு மாத்திரை வேண்டும், சிலவற்றை வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டும், அபூர்வமாகச் சிலவற்றை வலியில்லாமல் முடித்துவைப்பதே நேர்மை என்றார். அந்த முடிவெடுத்த குடும்பத்தைக் கொலைகாரர்கள் என்று ஏசுகிறவர்கள், அந்த வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு இரவு தங்கிவிட்டுப் பேசட்டும். ஆனால் சாவுக்கும் பயிற்சிக்கும் நடுவில் நம் ஊர் கண்டுபிடித்த வழி சங்கிலி. இரண்டடிச் சங்கிலியில், மாட்டுக்கொட்டகைத் தூணில், ஆயுள் முழுக்க. கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பது 1960-இன் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பைரவர் கோயிலில் அதற்கு வடைமாலைகூடக் கிடைக்காது.

சீசர் எட்டு மாதமாகக் கடிக்கவில்லை. காது ஆறிவிட்டது. இடது பக்கமாகக் கை வந்தால் இன்னும் உறுமுகிறது. சார் கையை எடுத்துக்கொண்டு நோட்டில் எழுதுகிறார். கூரியர்காரரை இன்றும் தினமும் விரட்டுகிறது.

கடி நின்றதற்குத் தாயத்துதான் காரணம் என்கிறார் டீச்சரம்மா. தாயத்தும் காது மருந்தும் ஒரே மாதத்தில் தொடங்கியவை. இந்த ஒரு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவரை என்னால் மறுக்க முடியாது, அதை அவரிடமே சொன்னேன். பிரம்பு பரணில் இருக்கிறதாம். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கும். இறக்கி அடுப்பில் வையுங்கள்.