அவுட்புட் ட்ரான்ஸ்போமர் வாங்கக் காசில்லையா? அது இல்லாமலே கட்டு!

என்ன சாக்கு வைத்திருக்கிறாய்? சொல்!

"வால்வு எங்கே கிடைக்கும்?" "நல்ல அவுட்புட் ட்ரான்ஸ்போமர் வாங்கக் காசில்லை." "நான் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டேன்." "குருநகரில் இருந்துகொண்டு ஹெட்போனுக்கு வால்வ் அம்பிளிபயரா?"

எல்லாவற்றையும் மேசையில் வை. ஒன்றைக்கூட விடப்போவதில்லை!

நீ நிற்கிற மண் எது தெரியுமா? 1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அதற்காக உன் பெரியவர்கள் உலகச் செய்தி கேட்காமலா இருந்தார்கள்?

சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தினார்கள். டைனமோவில் இருந்து இரண்டு வயரை இழுத்து றேடியோவுக்குக் கொடுத்தார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, அயலட்டை முழுக்கச் சுற்றியிருந்து பி.பி.சி. தமிழோசை கேட்டது. கை தளர்ந்தால் குரலும் தளரும். உடனே இன்னொரு கை பெடலைப் பிடிக்கும்!

டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோ கேட்பது நேரோட்டம். நடுவில் டயோட் வேண்டும் என்று கற்றுக்கொள்ள அவர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழகம் போனார்கள்?

1993 நவம்பர் 13இல் குண்டு விழுந்த புனித யாகப்பர் ஆலயம் இன்றும் உன் கண்முன்னே எழுந்து நிற்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் போகிறாய். பிறகும் 'முடியாது' என்கிறாயா?

சாமான் இல்லை என்றா சொன்னாய்? இலங்கையின் வானொலியே கழிவுச் சாமானில் பிறந்தது! 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய பொறியியலாளர்களும் பரீட்சார்த்த ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். ஒலிபரப்பி எதில் செய்தது? பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளில்! இரண்டு வருடத்தில், 1925 டிசெம்பரில், கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிவிட்டது.

உனக்கு நீர்மூழ்கி வேண்டாம். பரணில் கிடக்கும் தாத்தாவின் வால்வ் றேடியோ போதும். பவர் ட்ரான்ஸ்போமர் இருக்கக்கூடும், உன் வால்வுகளின் ஓட்டத்தைத் தாங்கினால் அதையே எடு. சொக்கற் இருக்கிறது. பழைய கண்டென்சர்களை மட்டும் நம்பாதே. அவை கசியும். மாற்று!

இப்போது உன் பெரிய சாக்குக்கு வருகிறேன். அவுட்புட் ட்ரான்ஸ்போமர்.

வால்வு ஆயிரக்கணக்கான ஓம் சுமையைத் தேடும். ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டையும் பொருத்த நடுவில் ட்ரான்ஸ்போமர். நல்லது வாங்கினால் கை சுடும். மலிவானது வாங்கினால் அடித்தொனியும் போகும், மேல்தொனியும் போகும்.

அது இல்லாமல் முடியாதா? முடியும் என்று 1954இலேயே செய்து காட்டினார் ஜூலியஸ் புட்டர்மன் என்ற அமெரிக்கர். ஸ்பீக்கருக்கே செய்து காட்டினார்! நீ கேட்பது வெறும் ஹெட்போனுக்கு. அதைவிட எவ்வளவோ இலகு!

6080 என்று ஒரு வால்வு. இசைக்காகப் பிறந்தது அல்ல. மின்வழங்கியின் வோல்ற்றளவைச் சீராக வைத்திருக்கப் பிறந்தது. அதைப் பிடித்துப் பாட வைத்தார்கள்! ஒரே குமிழுக்குள் இரண்டு ட்ரயோட். ஒன்று இடது காதுக்கு, மற்றது வலது காதுக்கு.

கதோட்டில் இருந்து ஒலியை எடுத்தால் வெளியீட்டுத் தடை ஏறத்தாழ 90 ஓமுக்கு இறங்கிவிடும். முன்னால் 6எஸ்என்7 என்ற இன்னொரு வால்வு வோல்ற்றளவைப் பெருக்கும். பின்னால் 6080 ஓட்டத்தைக் கொடுக்கும். இவ்வளவுதான்!

ஆனால் கேள்! இல்லாமல் செய்வது சும்மா வராது. விலை கொடுக்க வேண்டும்.

முதல் விலை சூடு. 6080இன் ஹீற்றர் மட்டும் 6.3 வோல்ற்றில் 2.5 அம்பியர் குடிக்கும். கிட்டத்தட்ட 16 வாற்று! உன் பெரியவர்கள் றேடியோ கேட்ட சைக்கிள் டைனமோ தந்தது 3 வாற்று. ஐந்து டைனமோ சேர்ந்தாலும் இந்த ஒரு வால்வைச் சூடேற்றப் போதாது. ஆகவே காற்றோட்டம் கொடு. கை படாத இடத்தில் வை.

அடுத்தது ஹெட்போன். 300 ஓம் உள்ளதைத் தேர்ந்தெடு. வோல்ற்றளவில் முக்கால் பங்கு அதற்குப் போய்ச் சேரும். 32 ஓம் உள்ளதைச் செருகினால் கால் பங்குதான். வால்வைத் திட்டாதே. கணக்கைப் பார்!

பிறகு வெளியீட்டுக் கண்டென்சர். அதன் மறுபக்கம் 100 வோல்ற் அளவில் நேரோட்டம் நிற்கிறது. இந்தப் பக்கம் உன் காது! 300 ஓமுக்கு 100 மைக்ரோ பரட் போதும், 4 ஹேர்ட்ஸ் வரை இறங்கும். ஆனால் அதில் மலிவு பார்க்காதே. வால்வு சூடேறிய பிறகே ஹெட்போனைச் செருகு. கழற்றிய பிறகே நிறுத்து.

பயமாக இருக்கிறதா? நல்லது! 200 வோல்ற் நேரோட்டத்துக்குப் பயப்படாதவன் மடையன். பயத்தை வேலைக்கு வை!

ஒரு கை வேலை செய்யும்போது மற்றக் கை பின்னால் இருக்கட்டும். பெட்டியை எர்த் பண்ணு. பியூஸ் போடு. பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள். நிறுத்திய பிறகும் கண்டென்சருக்குள் உயிர் இருக்கும். தடையி வழியாக வடியவிடு. மல்ரிமீற்றரில் பூச்சியம் பார். பிறகு தொடு!

இன்னொன்று. நீ விடுவது அவுட்புட் ட்ரான்ஸ்போமரை மட்டும். பவர் ட்ரான்ஸ்போமரை ஒருநாளும் விடாதே! சுவரின் 230 வோல்ற்றை நேரே பெட்டிக்குள் எடுப்பது துணிச்சல் அல்ல, தற்கொலை.

கட்டி முடித்தாய். போட்டாய். பாட்டு வரவில்லை. 'ம்ம்ம்' என்று இரைகிறது. உடனே மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவாயா?

அந்த இரைச்சலைக் கேள்! அது உன் பிழையின் விலாசத்தைச் சொல்கிறது!

தடித்த, ஆழமான 50 ஹேர்ட்ஸ் முனகலா? ஹீற்றர் வயரைப் பார். இரண்டையும் இறுக்கி முறுக்கினாயா? உள்ளீட்டு வயர் பவர் ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் ஓடுகிறதா?

அதைவிட ஒரு படி மேலே, கரகரக்கும் 100 ஹேர்ட்ஸா? மின்வழங்கிக்குப் போ. வடிகட்டும் கண்டென்சர் போதவில்லை.

பெட்டியைத் தொட்டால் இரைச்சல் மாறுகிறதா? எர்த் இணைப்பு எங்கோ விட்டிருக்கிறது.

ஒரு பக்கம் பாடி மறுபக்கம் ஊமையா? இடத்தையும் வலத்தையும் ஒவ்வொரு புள்ளியாக அளந்து ஒப்பிடு. வித்தியாசம் தொடங்கும் இடத்தில் பிழை இருக்கிறது. பாடுகிற பக்கம்தான் உனக்கு வாத்தியார்!

தோல்வி இவ்வளவு தெளிவாகப் பேசும்போது, காதைப் பொத்திக்கொண்டு 'எனக்கு ராசியில்லை' என்று அழுவது யார்? நீதான்!

குருநகர் ஆளுக்கு மட்டும் ஒரு வேலை கூட இருக்கிறது. கடற்காற்று! உப்பு சொக்கற்றைத் தின்னும். வால்வின் கால்களைக் கறுப்பாக்கும். நேற்றுப் பாடியது இன்று வெட்டி வெட்டிப் பாடும். வால்வு செத்துவிட்டது என்று எறிந்துவிடாதே. காலைத் துடை. சொக்கற்றை இறுக்கு. உன் ஊரில் கடலுக்குப் போய் வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவாமல் யாராவது விடுகிறார்களா? கடலோரத்தில் எதை வைத்திருந்தாலும் பராமரிப்பு உன் தலையில்தான். சலிக்காதே!

தம்பி, தங்கச்சி, யாராக இருந்தாலும் சரி! ரொறன்ரோவில் இருக்கும் மாமாவிடம் போன வருடம் என்ன கேட்டாய்? போன்தானே? இந்த முறை ஒரு 6080 கேள்!

வரும்வரை சும்மா இருக்காதே. சுற்றுப்படத்தைக் கையால் வரை. ஒருமுறை அல்ல, பார்க்காமல் வரையும்வரை வரை! கைப்பழக்கம் இல்லையா? உடைந்த பலகையில் ஈயம் பற்றவைத்துப் பழகு. மங்கலாகத் திரண்டு நின்றால் பிழை. வழுக்கிப் பரவிப் பளபளத்தால் சரி.

இன்று இரவு முதல் வேலை இதுதான். உயர் வோல்ற்றளவு வேண்டாம். வால்வும் வேண்டாம். ஹீற்றர் இணைப்பை மட்டும் கொடு. மல்ரிமீற்றரை ஆடலோட்டத்தில் வைத்து, 6080க்கான சொக்கற்றின் 7ஆம், 8ஆம் கால்களில் அள. 6.3 வருகிறதா? சுமை இல்லாததால் கொஞ்சம் கூடக் காட்டும், கலங்காதே. ஒன்றும் வரவில்லையா? பின்னால் போ. பியூஸ், சுவிட்ச், ட்ரான்ஸ்போமர் என்று ஒவ்வொன்றாக அள. வரும்வரை எழும்பாதே!