ஈகை எப்போது நிறைவு பெறுகிறது?

ஒருவர் கொடுப்பதென்று முடிவு செய்கிறார். அதற்கான பொருளையும் எடுத்து வைக்கிறார். ஈகை அத்துடன் நிறைவு பெற்றுவிடுகிறதா? அல்லது அப்பொருள் துன்புறுபவரின் கையை அடையும்போதுதான் நிறைவு பெறுகிறதா? தனிமனிதரின் தானத்தைக் குறித்து எழும் இக்கேள்வி அரசின் உதவிக்கும் பொருந்தும். அமெரிக்காவில் அண்மையில் நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்றாக விளங்குகிறது.

கொரோனா பெருந்தொற்றால் 2020 ஏப்ரல் மாதத்தில் மட்டும் அந்நாட்டில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். வாடகை பாக்கி மாதந்தோறும் வளர்ந்தது. வாடகை செலுத்த இயலாதோரை வெளியேற்றுவதற்கு அவ்வாண்டு செப்டம்பரில் தடை விதிக்கப்பட்டது. தடை வெளியேற்றத்தைத் தள்ளிப்போட்டது. பாக்கியோ அப்படியே நின்றது. எனவே அவசரகால வாடகை உதவிக்கென 2020 டிசம்பரில் 2,500 கோடி டாலரும், 2021 மார்ச்சில் சுமார் 2,155 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டன.

ஆயினும் 2021 ஜூலை இறுதிவரை வழங்கப்பட்டது ஏறத்தாழ 510 கோடி டாலர் மட்டுமே. அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. ஆகஸ்ட் 26 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வெளியேற்றத் தடையும் முடிவுக்கு வந்தது. பணம் இருந்தது, தேவையும் இருந்தது. இரண்டுக்கும் இடையே நின்றது எது?

இடையில் நின்ற சுவர்

பல ஊர்களில் இப்பணியைச் செய்வதற்கான அமைப்பையே புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. அடுத்து வந்தது விண்ணப்பப் படிவம். வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று, வருமானம் குறைந்ததற்கான ஆதாரம் எனப் பலவும் கேட்கப்பட்டன. வீட்டு வேலை செய்து ரொக்கமாகக் கூலி பெறுபவரிடம் சம்பளச் சீட்டு ஏது? வாய்மொழியாகப் பேசி ஓர் அறையில் உள்வாடகைக்கு இருப்பவரிடம் பத்திரம் ஏது? கணினி அறியாத முதியவரும், ஆங்கிலம் அறியாத குடியேறியவரும் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டனர். வீட்டு உரிமையாளர் ஒத்துழைக்க மறுத்ததாலும் பல விண்ணப்பங்கள் முடங்கின. யாருக்குத் தேவை மிகுதியோ, அவரிடமே சான்றுகள் குறைவு. வறுமையின் இயல்பே அதுதான்.

சான்று கேட்டவர்களைக் கொடியவர்கள் என்று கூறிவிட முடியாது. பொதுப் பணத்தைக் காப்பதும் அறமே. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். உதவி செய்வோர் இருவகைத் தவறுகளைச் செய்யக்கூடும். தகுதியற்றவருக்குக் கொடுத்துவிடுவது ஒன்று; தகுதியுள்ளவரைத் திருப்பி அனுப்பிவிடுவது மற்றொன்று. முதல் தவறு தணிக்கையில் வெளிப்படும். இரண்டாவது எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. ஒரு குடும்பம் மட்டும் தன் பாத்திரம் பண்டங்களுடன் தெருவில் நிற்கும். கண்ணுக்குத் தெரியும் தவறை அஞ்சி, தெரியாத தவறைப் பெருக்குவது எச்சரிக்கை என்ற பெயரில் நாம் அனைவரும் செய்யக்கூடிய பிழையாகும்.

நம்பிக்கையும் ஒரு நெறியே

அந்நாட்டுக் கருவூலத் துறை 2021-இல் இப்பிழையைத் திருத்த முற்பட்டது. வேறு சான்று இல்லாதபோது விண்ணப்பதாரர் கையொப்பமிட்டுத் தரும் உறுதிமொழியையே ஏற்கலாம். அவர் வசிக்கும் பகுதியின் சராசரி வருமானத்தைக் கொண்டு தகுதியைக் கணிக்கலாம். உரிமையாளர் மறுத்தால் வாடகைதாரரிடமே பணத்தைத் தரலாம் என்று வழிகாட்டியது. மக்களிடையே பணிபுரியும் தொண்டு அமைப்புகளின் துணையை நாடவும் ஊக்குவித்தது. அதன்பின் உதவி விரைவாகச் சென்றடைந்தது. சில இடங்களில் பொய் விண்ணப்பங்களும் நுழைந்தன; நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை ஏழை செலுத்துவதைவிடக் கருவூலம் செலுத்துவதே நீதிக்கு அருகில் உள்ளது.

திருக்குறளில் ஈகைக்கு ஓர் அதிகாரம் உண்டு. இரத்தலுக்கு அஞ்சும் இரவச்சத்திற்கும் ஓர் அதிகாரம் உண்டு. கேட்பதற்கே கூசும் மனத்தை அறிந்தவன்தான் கொடுக்கவும் அறிவான். தானத்திற்கு இடம், காலம், பாத்திரம் மூன்றும் கருதத் தக்கவை என்கிறது கீதை. பாத்திரத்தை ஆராய்வதிலேயே நாள் கழிந்தால் காலம் கைநழுவும். வீடு இழந்தபின் வரும் வாடகைப் பணத்தால் என்ன பயன்?

அத்திட்டம் 2025 செப்டம்பருடன் முடிவடைந்தது. அது எழுப்பிய கேள்வியோ வெள்ள நிவாரணத்திலும், கல்வி உதவியிலும், மருத்துவ உதவியிலும் நம் முன் வந்து நிற்கிறது. படிவத்தைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வரிசையில் நிற்பவரின் தகுதியை ஆராய்வதுடன், வரிசைக்கே வர இயலாதவர் யார் என்றும் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். அவரைத் தேடிச் செல்லும்போதுதான் ஈகை நிறைவு பெறுகிறது.