ஒளிப்பறவையும் மாக்கோழியும்

விளையாட்டுத் துப்பாக்கியால் தொலைக்காட்சித் திரையில் பறக்கும் வாத்தைச் சுடுதல் இம்சையாகுமா? இல்லறத்தார் சிலர் நம்மிடம் இவ்வினாவை எழுப்பியதுண்டு. அங்கே உயிர் ஏதும் இல்லையே என்பது அவர்தம் வாதம். விடை கூறுமுன் அக்கருவி செயற்படும் முறையை அறிதல் நலம்.

1972இல் அமெரிக்காவில் வெளிவந்த மேக்னவாக்ஸ் ஒடிசி என்னும் முதல் வீட்டு வீடியோ விளையாட்டுக் கருவிக்கே துப்பாக்கி ஒன்று தனியே விற்கப்பட்டது. அதனை எரியும் மின்விளக்கை நோக்கிப் பிடித்தாலும் குறி தைத்ததாகவே கொள்ளும்! பின்னர் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1984இல் 'டக் ஹன்ட்' என்னும் வாத்து வேட்டை விளையாட்டை வெளியிட்டது. மறு ஆண்டு அது 'ஸாப்பர்' என்ற துப்பாக்கியுடன் அமெரிக்க இல்லங்களை அடைந்தது.

இத்துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளிப்படுவதில்லை. ஒளியை வாங்கிக்கொள்ளும் கண் ஒன்றே அதனுள் உள்ளது. விசையை அழுத்தியதும் திரை முழுதும் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெண்சதுரம் ஒளிரும். ஒவ்வொன்றும் வினாடியில் அறுபதில் ஒரு பங்கே நிற்கும். முன்னர் இருளையும் பின்னர் ஒளியையும் கண்டால்தான் குறி தைத்ததாகக் கணக்கு. ஆதலின் விளக்கைக் காட்டி ஏமாற்ற இயலாது. இரு வாத்துகள் பறந்தால் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். (பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிக்கென அமைந்த முறை இது. இன்றைய தட்டைத் திரைகளில் அத்துப்பாக்கி வெறும் பொம்மையே.)

ஆக, சுடும் கணத்தில் திரையில் வாத்தே இல்லை. சுடுவோர் நெஞ்சில் மட்டுமே அது பறக்கிறது.

யசோதர காவியத்தை அறிந்த நமக்கு இவ்விடத்தில் மாக்கோழி நினைவுக்கு வாராதிருக்குமா? தாயின் சொற்கேட்டு மன்னன் பலியிட்டது மாவினாற் செய்த கோழியைத்தான். ஆயினும் தாயும் மகனும் பல பிறவிகளில் விலங்குகளாய் உழன்றனர். திரவிய இம்சை நிகழாவிடினும் பாவ இம்சை வினையைச் சேர்க்கும் என்பதே நம் முன்னோர் கொள்கை.

எனினும் மன்னனையும் சிறுவனையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. கொலையின் பயனை வேண்டி மன்னன் வாளோச்சினான்; சிறுவன் வேண்டுவது மதிப்பெண்ணும் கைத்திறனுமே. பல்லாண்டு பிள்ளைகளோடு பழகிய நமக்கு, விளையாட்டை விளையாட்டென்று அவர்கள் அறிவர் என்பதில் ஐயமில்லை. நம்மை உறுத்துவது வேறொன்று. வாத்து தப்பினால் புல்லிடையே ஒரு நாய் எழுந்து சிரிக்கும். வீழ்ந்தால் அதனைத் தூக்கிக் காட்டும். உயிர் தப்புதல் அங்கே ஏளனத்துக்குரியதாகிறது. நாள்தோறும் அச்சிரிப்புக்கு நாணிப் பழகும் பிள்ளை எதற்கு நாணக் கற்கிறது?

1980களின் இறுதியில் சாம்பல் நிறத் துப்பாக்கி செம்மஞ்சள் நிறமாக மாற்றப்பட்டது. மெய்யான படைக்கலமென்று பிறர் மயங்கலாகாது என்னும் கவலை அது. பிடித்திருக்கும் கையின் உள்ளத்தைப் பற்றிய கவலை அந்நிறத்தில் இல்லை.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை சேரும் என்கிறோம். அவ்வாறாயின் வாங்கித் தந்து அருகிலிருந்து கைதட்டும் பெரியோரும் இவ்வினாவுக்கு உட்பட்டவரே. அதே விளையாட்டில் மூன்றாவது தேர்வாகக் களிமண் வட்டுகளைச் சுடும் பகுதியும் உண்டு. துப்பாக்கி அதுவே, இருளும் அதுவே, வெண்சதுரமும் அதுவே. பெற்றோர் அப்பகுதியை வைத்துக்கொடுத்துப் பார்க்கலாம். "இதில் சுவையில்லை, வாத்தையே வை" என்று பிள்ளை கேட்குமாயின், ஏன் என்று அன்போடு வினவலாம்.