பிறவியோடு வந்த பிணி

தாயின் உதிரம் சிசுவின்மேல் படுகின்ற பிரசவ வேளையிலேயே, இன்னும் ஒரு சொல் சொல்லாத, ஒரு செயல் செய்யாத, நன்மை தீமை என்னும் பேதமே அறியாத அந்த உயிரின் உடலுக்குள் கண்ணுக்குப் புலனாகாத ஒரு கிருமி நுழைந்து, கல்லீரலிலே குடியேறி, முப்பது நாற்பது ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்து, பிறகு ஒரு நாள் வயிற்றில் நீராகவோ புற்றாகவோ தலைகாட்டுமானால், அந்தத் துன்பத்துக்குக் காரணம் எது என்ற கேள்வியை மருத்துவர் கேட்பதற்கு முன்பே நம் நாட்டுச் சமயவாதி கேட்டுவிட்டார், விடையும் சொல்லிவிட்டார். வினை என்பதே அந்த விடை. ஹெபடைட்டிஸ் பி என்னும் இந்த நோயைத் தாங்கியவர்கள் 2022-இல் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் என்றும், இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 3 கோடிப் பேர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வயது வந்த பின் இக்கிருமி தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அதை வென்று நலம் பெறுகிறார்கள்; பிறக்கும்போதே தொற்றினாலோ நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் ஆயுள் முழுவதும் அதைச் சுமக்கிறார்கள். ஒன்றும் அறியாத பருவத்தில் வருவதே அதிகமாக நிலைக்கிறது என்னும் இந்த விபரீதம், வினைக் கொள்கையைப் பற்றி மறுபடியும் ஆழ்ந்து சிந்திக்கும்படி நம்மை வற்புறுத்துகிறது.

சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் நுகரும் பிராரத்தம், புதிதாக ஈட்டும் ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பகுத்துக் காட்டிய சைவ சித்தாந்தம் தமிழ் மக்களுக்கு எங்கிருந்தோ வந்த சரக்கன்று. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கினுள் எட்டினை அருளிய உமாபதி சிவாசாரியார், தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். உயிரைப் பந்தத்திலிருந்து விடுவிக்கும் வழியைத் தேடியே அவரைப் போன்ற பெரியோர்கள் வினையின் இயல்பை அத்தனை நுட்பமாக ஆராய்ந்தார்கள். ஆனால் சாத்திரம் திண்ணைக்கு இறங்கி வரும்போது, விடுதலைக்கு உரிய பகுதி எப்படியோ நழுவிப்போய், பழி சுமத்துவதற்கு உரிய பகுதி மட்டும் நாவில் தங்கிவிடுகிறது. கர்ப்பிணிக்கு எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் இக்கிருமி இருப்பது தெரிந்ததும், குறிஞ்சிப்பாடித் தறிவீடானாலும் சரி, சென்னை மாடிவீடானாலும் சரி, முதலில் எழுவது அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிய சந்தேகம். அது அடங்கினால் அடுத்து எழுவது அவள் முற்பிறப்பில் செய்த பாவத்தைப் பற்றிய பேச்சு. அவளும் ஒரு காலத்தில் சிசுவாக இருந்தாள், அவளுக்கும் அது அவளைப் பெற்றவளிடமிருந்தே வந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் ஒருவருக்கும் உதிப்பதில்லை. கொடுத்தவளும் அறியாள், பெற்றதும் அறியாது. தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போனாலும் குற்றவாளி என்று ஒருவரையும் நிறுத்த முடியாத சங்கிலி இது.

விஞ்ஞானமும் ஒரு கட்டத்தில் இதே மயக்கத்துக்கு ஆளாயிற்று என்பது கவனிக்கத் தக்கது. அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க், மனிதர்களின் இரத்தத்தில் பரம்பரையாக வரும் வேறுபாடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, 1963-இல், ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் இரத்தத்தில் புதிய புரதப்பொருள் ஒன்றைக் கண்டார். பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட ஒரு நோயாளியின் இரத்தநீரோடு அது வினைபுரிந்தது. அந்தப் பொருள் சில குடும்பங்களில் தொடர்ந்து காணப்படவே, அது பிறவியிலேயே அமைந்த பரம்பரைக் குணம் என்று அவரும் அவருடைய தோழர்களும் முதலில் கருதினார்கள். பிறவியில் அமைந்தது மாறாது; முதல் பரிசோதனையில் இல்லாதவருக்குப் பின்னாலும் இராது. ஆனால் 1966-இல், முன்பு இல்லை என்று உறுதிப்பட்ட ஒரு நோயாளிக்கு மறு பரிசோதனையில் அப்பொருள் இருந்தது. உடன் அவருடைய கல்லீரலும் வீங்கி நலிந்திருந்தது. அந்த ஒரு முரண்பாட்டை அலட்சியம் செய்யாமல் பின்தொடர்ந்ததால்தான், பரம்பரை விதி என்று எண்ணியது தொற்றிவரும் கிருமியின் மேலுறை என்பது வெளியாயிற்று. 1976-இல் பிளம்பெர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, விதி என்று முத்திரையிட்டு மூடிவைத்ததைத் தாமே திறந்து பார்த்த அந்த நேர்மை.

இனி, குழந்தையின் உடல் ஏன் இக்கிருமியை எதிர்ப்பதில்லை என்று பார்க்க வேண்டும். இதற்குக் கல்லீரலின் சுபாவத்தை அறிவது அவசியம். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து நேராக வருகிறது. உண்ட உணவின் சாரமும், குடலில் வாழும் கோடிக்கணக்கான கிருமிகளின் கழிவும், அந்நியமான எத்தனையோ பொருள்களும் ஒவ்வொரு கணமும் அதன் வாசலில் வந்து நிற்கின்றன. வருகிற ஒவ்வொன்றையும் பகை என்று எண்ணி அது போர் தொடுக்குமானால் ஒரு வேளைச் சோற்றுக்கே உடல் எரிந்து போகும். ஆகையால், யார் நீ, எந்த ஊர், என்ன குலம் என்று கேளாமல் வந்தவரை அமர்த்திச் சோறிடும் தருமசாலையைப் போல, பொறுத்துக்கொள்வதையே கல்லீரல் தன் இயல்பாக ஆக்கிக்கொண்டிருக்கிறது. 1969-இல் ராய் கேல்னி என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், ஒரு பன்றியின் கல்லீரலை வேறொரு பன்றிக்குப் பொருத்தினால், எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடாமலேயே பல சமயங்களில் உடல் அதை ஏற்றுக்கொள்கிறது என்றும், அதே விலங்கிலிருந்து எடுத்த பிற உறுப்புகளையும் அதன்பின் ஏற்றுக்கொள்கிறது என்றும் காட்டினார். தான் பொறுப்பதோடு நில்லாமல் உடல் முழுவதற்கும் பொறுமையைக் கற்பிக்கும் உறுப்பு அது.

இந்தப் பொறையின் நிழலில்தான் ஹெபடைட்டிஸ் பி கிருமி வாழ்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றுள் 42 கூறு அளவே உடைய சிறு உருவம். 3,200 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு மரபு வாசகம். அவ்வளவே அதன் சொத்து. அது தானாகக் கல்லீரல் அணுக்களைக் கொல்வதில்லை என்பதுதான் இந்தத் துறையின் ஆச்சரியங்களுள் தலையாயது. கலிபோர்னியாவில் பிரான்சிஸ் கிசாரி என்பவரும் அவருடைய தோழர்களும், இக்கிருமியின் மரபு வாசகத்தைப் பிறவியிலேயே உடலில் தாங்கிய எலிகளை உருவாக்கினார்கள். அந்த எலிகளின் கல்லீரல் கிருமியை உற்பத்தி செய்துகொண்டே இருந்தும் நோயுறவில்லை. பிறவி முதல் உடன் இருந்ததை அவற்றின் உடல் தன்னுடையதாகவே கருதிற்று. கிருமியைப் பகையென அறிந்த வெள்ளணுக்களை வெளியிலிருந்து செலுத்திய பிறகே கல்லீரல் அழற்சி தோன்றியது. அதாவது, மஞ்சள் காமாலை என்று நாம் காணும் கேடு பெரும்பாலும் பகைவன் செய்ததன்று. பகைவனை ஒழிக்கப் புறப்பட்ட நம் சொந்தக் காவலர் செய்தது. சிசுவின் நிலையும் ஏறத்தாழ இந்த எலியின் நிலையே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அந்தப் பொறை முழுமையானதன்று, இளையோரிடத்தும் விழிப்பான வெள்ளணுக்கள் உண்டு என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் காட்டியிருக்கின்றனர். ஆயினும் அறியாப் பருவத்து உடல் எதை முதலிற் சந்திக்கிறதோ அதைத் தன் சுற்றமாகக் கொள்ள முனைகிறது என்ற உண்மை பொதுவாக நிற்கிறது.

கிசாரியின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த இன்னொரு செய்தியை நான் வாசித்தபோது வெகுநேரம் மற்றொன்றையும் எண்ண இயலவில்லை. வெள்ளணுக்கள் நோயுற்ற அணுவைக் கொன்றுதான் கிருமியை ஒழிக்கின்றன என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், 1996-இல் அவரும் குயிடாட்டி என்னும் அவருடைய தோழரும், அந்த வெள்ளணுக்கள் சுரக்கும் சில பொருள்கள் அணுவைக் கொல்லாமலே அதனுள் இருக்கும் கிருமியின் பெருக்கத்தை அடக்கிவிடுகின்றன என்று எலிகளிடம் நிரூபித்தார்கள். மூன்றாண்டுக்குப் பின் சிம்பன்சிக் குரங்குகளிடமும் அப்படியே கண்டார்கள். கல்லீரலின் பெரும்பாலான அணுக்களில் கிருமி புகுந்திருக்கும்போது அத்தனையையும் கொன்றால் உயிரே போய்விடும். உடல் அதை அறிந்ததுபோல் நடந்துகொள்கிறது. கொல்லாமல் தீமையை நீக்குவது கோழையின் கனவு என்று பேசுகிறவர்கள் உண்டு. உடலின் செயல் அறநூலுக்குப் பிரமாணமாகாது என்பதை நான் மறக்கவில்லை; அணுக்களுக்குச் சங்கற்பமும் இல்லை, சீலமும் இல்லை. எனினும், அப்படி ஒரு காரியம் இந்த உலகின் அமைப்பிலேயே சாத்தியமாக இருக்கிறது என்று தெரிவது அகிம்சையை நம்புகிறவனுக்கு மெய்யான ஊக்கம்.

கிருமியை ஒழிப்பது கொலையாகாதோ என்று சீவகாருண்யத்தில் ஊன்றிய நண்பர்கள் கேட்கக்கூடும். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்த தொல்காப்பியத்தின் வரிசையில் ஓரறிவுக்கும் கீழே நிற்பது இது; பிறிதோர் உயிரணுவுக்குள் புகாதவரை ஒரு தொழிலும் அற்றது. துன்பத்தை உணரும் இடம் அதனிடத்தில் இல்லை. ஆகவே அந்தச் சங்கடம் நம்மை நெடுநேரம் நிறுத்த வேண்டியதில்லை.

காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பது நம் ஊர்களில் தொன்றுதொட்ட வழக்கம். அதை வெறும் நம்பிக்கையாக விட்டுவிடாமல் சோதனைக்கு உட்படுத்தியவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் அறிஞரும் பிற்காலத்தில் அதன் துணைவேந்தராக விளங்கியவருமான எஸ். பி. தியாகராஜன். அவரும் பிளம்பெர்க் முதலியோரும் சேர்ந்து 1988-இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்ட ஆய்வில், 30 நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேலுறைப்பொருள் இரத்தத்திலிருந்து மறைந்ததாகவும், மருந்தில்லாத வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு மறைந்ததாகவும் கண்டிருந்தது. உலகம் வியந்து நோக்கிற்று. பின்னர்த் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் மும்பையிலும் செய்த சோதனைகளில் அப்பயன் தென்படவில்லை. இதைக் கேட்டு நம் மூலிகைக்கு அவமானம் நேர்ந்துவிட்டதாகச் சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரபிலே வந்தது மெய்யா என்று கேட்பதே மரபுக்குச் செய்யும் மரியாதை. நோயாளியை வினையின் கையில் ஒப்படைத்துவிடாமல் நம் வேலியோரத்துச் செடியிலிருந்து தொடங்கித் தேடிய அந்த முயற்சி வழிபாட்டுக்குக் குறைந்ததன்று. ஆனால் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உடையவர்கள் கீழாநெல்லியை மட்டும் நம்பி மருத்துவமனையை விட்டு விலகி நிற்பது இன்று தகாது என்பதையும் அதே நேர்மை சொல்லச் செய்கிறது.

குறிஞ்சிப்பாடியிலிருந்து சில கல் தொலைவில் இருக்கும் வடலூரில், 1867-இல், இராமலிங்க அடிகள் சத்திய தருமசாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சோறிடுவதற்கு முன் அவர் ஒரு தர்க்கத்தையும் வென்றாக வேண்டியிருந்தது. பசியால் வருந்துகிறவன் தன் முன்வினைப்படி, கடவுளின் ஆணைப்படி வருந்துகிறான். அதை நீக்குவது அந்த ஆணையில் குறுக்கிடுவதாகாதோ என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் அடிகளார் இந்த ஆட்சேபத்தை மறைக்காமல் எடுத்துவைத்து விடை கூறுகிறார்: கொடிய குற்றம் செய்து விலங்கு பூண்டு சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டே உணவு கொடுப்பிக்கிறான் அல்லவா, அப்படியிருக்கக் கடவுளின் கருணை அரசனின் கருணையிலும் குறைந்ததோ? வினை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. வினை இருப்பது இரக்கத்துக்குத் தடையன்று என்று நிறுவினார். உயிர்களுக்கு வரும் இடையூறுகளை அவர் எண்ணிச் சொல்லும்போது பசியோடு பிணியையும் சேர்த்தே சொன்னார்.

அந்த வாதத்தைப் பிரசவ அறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தடுப்பூசி, தாய்க்குக் கிருமி இருப்பின் அதனோடு எதிர்ப்பொருள் ஊசி ஒன்று, பிறகு ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் மற்றவை; இவ்வளவில் அந்தச் சங்கிலி பெரும்பாலும் அறுந்துவிடுகிறது. 1984-இல் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கிய தைவானில், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் சிறுவர்களின் கல்லீரல் புற்றுநோய் குறைந்தது கண்கூடாயிற்று. 1997-இல் ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக் நிறுவனம் இத்தடுப்பூசியை உள்நாட்டிலேயே தயாரித்த பிறகுதான் விலை சாமானியரின் கைக்கு எட்டிற்று. 2011 வாக்கில் அது நாடு முழுவதற்கும் உரிய தேசியத் திட்டத்தில் இடம்பெற்றது. ஒரு நாளுக்குள் இட்ட ஊசியால் தடுக்கப்படுவது பிராரத்தம் என்றால், அந்த ஊசியும் அதே பிராரத்தத்துள் அடங்கியதுதான். அதை இடும் செவிலியின் கையும், வாங்கி அனுப்பிய அரசின் செயலும், கண்டறிந்தவரின் உழைப்பும் அருளின் வழிகளே என்று கொள்வதில் சித்தாந்திக்கு என்ன இழுக்கு? ஊசி இருந்தும் இடாமல் விட்டால், அது மட்டும் ஐயமறப் புதிதாக ஈட்டிய வினை. அதன் கணக்கு குழந்தையின் பெயரில் எழுதப்படாது.

தடுப்பூசி வருவதற்கு முன்பு பிறந்துவிட்டவர்களின் துயரம் எஞ்சி நிற்கிறது. இன்றைய மாத்திரைகள் கிருமியின் பெருக்கத்தை அடக்குகின்றன. அணுவின் கருவுக்குள் வட்டமாகச் சுருண்டு கிடக்கும் அதன் மூல வாசகத்தை அவை அழிப்பதில்லை. உடலின் எதிர்ப்பு தளரும் காலத்தில், அடங்கிவிட்டதென்று எண்ணியதும் மீண்டும் முளைக்கக்கூடும். ஆகையால் அவர்களுக்கு வேண்டியது இடைவிடாத கண்காணிப்பும், பயமற்ற ஒரு வீடும். கூட உட்கார்ந்து உண்பதாலோ ஒரே தட்டைப் புழங்குவதாலோ குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவதாலோ இந்நோய் தொற்றுவதில்லை. கிருமி இருக்கும் தாயும், பிறந்த குழந்தைக்கு ஊசி இட்டபின், தாய்ப்பால் கொடுக்கலாம். மருமகளுக்குத் தனித்தட்டு வைத்திருக்கும் வீடுகளில் இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் மாமியார். சொன்ன கையோடு அவளுடைய கணவனையும் மூத்த பிள்ளைகளையும், அவளைப் பெற்றவளையும் உடன்பிறந்தாரையும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி இரத்தம் பார்க்கச் செய்வதும், இல்லையென்று வந்தவர்களுக்கு உடனே தடுப்பூசி போடுவிப்பதும் அவருடைய காரியமே.