பிணை நிற்பவர்

விடுமுறையில் இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள எங்கள் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் தவறாமல் என்னைக் கேட்பார்: "தம்பி, உங்க பாட்டன் என்ன குத்தம் பண்ணினாருன்னு அந்தமானுக்கு அனுப்புனாக?" என் தந்தையார் பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்துத் தம் விருப்பப்படி கப்பலேறியவர் என்று எத்தனை முறை விளக்கினாலும் அடுத்த ஆண்டும் அதே கேள்வி, அதே சிரிப்பு. தொடக்கத்தில் எனக்குச் சினம் வரும். இப்போது வருவதில்லை. செய்யாத குற்றத்தின் நிழலே ஒரு குடும்பத்தை இரண்டு தலைமுறைக்குத் தொடருமானால், சிறு வயதில் உண்மையாகவே ஒரு பிழை செய்துவிட்ட பிள்ளையை அது எவ்வளவு தூரம் தொடரும் என்ற எண்ணமே மேலிடுகிறது. இக்கட்டுரை அவ்வெண்ணத்திலிருந்து பிறந்ததாகும்.

நாம் வாழும் இந்நிலத்தின் வரலாறே குற்றமும் மறுவாழ்வும் கலந்தது. 1858 மார்ச் 10ஆம் நாள் மருத்துவர் வாக்கர் என்பவர் 200 கைதிகளோடு இங்கே வந்திறங்கினார். 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட செல்லுலார் சிறையின் கொடுமைகளை நாம் அனைவரும் அறிவோம். அங்கு நாட்டுக்காக வாடிய தியாகிகளை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அதே ஆட்சியில் வேறொரு வழக்கமும் இருந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் நன்னடத்தையோடு கழித்த சாதாரணக் கைதிக்கு அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. அவன் சிறைக்கு வெளியே நிலம் உழலாம், மாடு வளர்க்கலாம், குடும்பமும் அமைத்துக்கொள்ளலாம். 'தன் உழைப்பில் வாழ்பவன்' என்று அவனுக்குப் பெயர். அத்தகையோரின் வழித்தோன்றல்கள் இன்று நம் அலுவலகங்களில் நம்மோடு அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். அவர்தம் பாட்டனார் செய்தது கொலையா, கொள்ளையா என்று நாம் கேட்பதில்லை. கேட்பது நாகரிகமும் அன்று. தாயகத்துப் பெரியவருக்கு வராத இந்த நாகரிகம் இத்தீவுக்கு எப்படியோ வந்துவிட்டது. ஆயினும் அது பாட்டனார் அளவோடு நின்றுவிடுகிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

1919-20ஆம் ஆண்டுகளில் சர் அலெக்சாண்டர் கார்டியூ என்பார் தலைமையில் இந்தியச் சிறைக் குழு ஒன்று ஆய்வு நடத்தியது. அந்தமானுக்குக் கைதிகளை அனுப்பும் முறையைக் கைவிட வேண்டும் என்று பரிந்துரைத்த குழு அது. குற்றம் செய்த குழந்தைகளைப் பெரியவர்களின் நீதிமன்றத்தில் நிறுத்தலாகாது, அவர்களுக்கெனத் தனி நடைமுறை வேண்டும் என்று வலியுறுத்தியதும் அதே குழுதான். அதே 1920இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் அத்தகைய சட்டங்களுள் முதலாவது அதுவே. வங்காளமும் பம்பாயும் 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் அதைப் பின்பற்றின. ஒன்றியத்தின் நேரடி ஆட்சிப் பகுதிகளுக்கென 1960இல் குழந்தைகள் சட்டம் வந்தது. பின்னர் நாடு தழுவிய சட்டங்கள் 1986, 2000, 2015 ஆகிய ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. சட்டங்களின் பட்டியல் இவ்வளவு போதும். அச்சட்டங்களின் நடுவே நிற்கும் ஒரு மனிதரைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன். நன்னடத்தை அலுவலர் என்று அவரை அழைக்கிறோம்.

இப்பதவியின் மூலவர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் வாழ்ந்த ஜான் அகஸ்டஸ் என்பவர் 1841இல் நீதிமன்றத்தில் நின்ற ஒரு குடிகாரனைக் கண்டு இரங்கி, "இவனை என்னிடம் விடுங்கள், நான் பிணை" என்று முன்வந்தார். குறித்த நாளில் அவனைத் திருந்திய மனிதனாக அழைத்து வந்து நிறுத்தினார். 1843 முதல் சிறுவர் சிறுமியருக்கும் பிணை நின்றார். எவரும் அவரை நியமிக்கவில்லை, ஊதியம் தரவுமில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1878இல், மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டம் இயற்றி இதனை ஓர் உத்தியோகமாக்கியது. அன்பினால் ஒருவர் செய்தது, பின்னர் ஊதியத்திற்கு மற்றொருவர் செய்யும் பணியாயிற்று. நானும் அரசு ஊதியம் பெறுபவன் என்பதால் இதனை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அகஸ்டஸ் போன்ற ஒருவர் ஊருக்கு ஊர் பிறப்பார் என்று நம்பி எந்த அரசும் இருக்க இயலாது.

நம் நாட்டில் இன்றுள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை காவல்துறையிடம் பிடிபட்டால் அவனைக் காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ வைத்தல் கூடாது. 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்த வேண்டும். அக்குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளரும் இருப்பர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். காவலர், பெற்றோருக்குச் செய்தி சொல்வதுபோலவே நன்னடத்தை அலுவலருக்கும் சொல்ல வேண்டும். அவர் இரண்டு வாரத்திற்குள் அப்பிள்ளையின் வீடு, பள்ளி, தோழர், வறுமை, நோய், வீட்டில் குடி உண்டா, அடி உண்டா என்பன அனைத்தையும் விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை தருவார். பிள்ளையை எச்சரித்து அனுப்புவதா, பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பின்கீழ் விடுவதா, சிறப்பு இல்லத்திற்கு அனுப்புவதா என்று முடிவு செய்வது குழுமமே. ஆயினும் குழுமத்தார் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. அலுவலரின் கண்ணே அவர்களுக்குக் கண். வீட்டுக்கு விடப்பட்டபின் பல மாதங்கள் அவனைத் தேடிச் சென்று, பள்ளியில் மீண்டும் சேர்த்து, தொழில் கற்க வழி செய்து, நிலைமையை அவ்வப்போது குழுமத்திற்குத் தெரிவிப்பதும் அவர் பணியே. தாயகத்தில் பேருந்தேறிச் செய்யும் இப்பணியைத் தீவு தீவாகக் கப்பலேறிச் செய்வது எத்தகையது என்பதைக் கப்பல் சீட்டுக்காக வரிசையில் நின்ற அனுபவமுள்ள வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் அறவினா எழுகிறது. அவ்வலுவலர் யாருடைய ஆள்? பிள்ளை அவரை நம்பித் தன் நெஞ்சைத் திறக்க வேண்டும். திறவாவிடில் அறிக்கையில் உயிர் இராது. அவன் திறந்து சொன்னதையோ அவர் குழுமத்தின்முன் வைக்க வேண்டும். 'அண்ணன்' என்று அழைத்தவனைப் பற்றியே எழுதும் கை அது. கண்காணிப்பின்போது அவன் மீண்டும் பழைய கூட்டாளிகளோடு சுற்றுவதைக் கண்டால் எழுதுவதா, கண்டும் காணாததுபோல் போவதா? எழுதினால் நம்பியவனைக் காட்டிக்கொடுத்தவராகிறார். எழுதாவிடில், நாளை அப்பிள்ளையால் இழப்புக்கு உள்ளாகும் வேறொரு ஏழைக்கு அவர் என்ன விடை சொல்வார்? அறிக்கை இரகசியமானது என்று சட்டம் கூறுகிறது. அதன் சாரத்தைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெரிவிக்கலாம் என்றும், மறுப்பிருப்பின் சான்று காட்ட வாய்ப்பளிக்கலாம் என்றும் கூறுகிறது. இது ஓரளவு வழிகாட்டுகிறது. 'உன்னைப் பற்றி இன்னது எழுதப்போகிறேன்' என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதை மட்டும் எழுதும் அலுவலர் காட்டிக்கொடுப்பவர் ஆகார் என்பது என் துணிபு. சொல்ல முடியாததை எழுத நேர்ந்தால், பிழை அவ்வறிக்கையில் இருக்கலாம்; அல்லது அவர் துணிவின்மையில் இருக்கலாம்.

நம் இலக்கியத்தில் இதற்கு முன்மாதிரி தேடுவோர் மனுநீதிச் சோழனைச் சுட்டுவர். எனக்கு அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. அது அரசன் தன் மகனுக்குத் தானே தண்டம் விதித்த கதை. புறநானூற்றுக் கோவூர் கிழாரே என் நினைவுக்கு வருகிறார். கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் மக்களை யானைக் காலில் இட முற்பட்டபோது, அவைமுன் நின்று தடுத்த புலவர் அவர். அவர் அங்குச் சொன்னவற்றை எண்ணிப் பாருங்கள். இரக்கத்தால் பெயர்பெற்ற உன் குலம் எத்தகையது என்றார்; இப்பிள்ளைகளின் குடி எத்தகையது என்றார்; பின்னர் அப்பிள்ளைகள் இந்நொடியில் எந்நிலையில் இருக்கிறார்கள் என்பதைக் காட்டினார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிட்ட பச்சைப் பிள்ளைகள் என்பதை அத்தனை பெரிய அவையில் கவனித்த கண் அவருடையது ஒன்றே. இவற்றைக் கேட்டபின் உன் விருப்பம்போல் செய் என்று முடிவை அரசனிடமே விட்டார். குடும்பப் பின்னணி, பிள்ளையின் நிலை, முடிவு மன்றத்திற்கு! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சமூக விசாரணை அறிக்கை என்றே இதனைச் சொல்லத் தோன்றுகிறது. ஒரு வேறுபாட்டை மறைத்தல் தகாது. மலையமான் மக்கள் குற்றம் ஏதும் செய்தவரல்லர். குற்றமற்ற பிள்ளைக்காகப் பேசுதல் எளிது. திருடிய பிள்ளைக்காகப் பேசுதல் வேறு.

அவ்வேறுபாட்டை நான் ஏட்டில் கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பிலேயே ஒரு நிகழ்ச்சி. பிள்ளையின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடுக்கிறது. என் மனமும் இசையாது. கடையொன்றில் பணம் எடுத்ததாக ஒரு தமிழ்ச் சிறுவன் பிடிபட்டான். எடுத்தது உண்மை. மழை பெய்த ஒரு மாலையில் நன்னடத்தை அலுவலர் குடையோடு வந்தார். வங்காளத்தவர், தமிழ் அறியாதவர். சிறுவனின் தாயாருக்கோ சந்தையில் மீன் பேரம் பேசும் அளவுக்கே இந்தி. அவர் கேட்பது அம்மைக்கு விளங்கவில்லை. அம்மை அழுதுகொண்டே சொல்வது அவருக்கு விளங்கவில்லை. என் வீட்டு வாயிலுக்கு வந்து, "சார், சற்று வந்து இந்தம்மாள் சொல்வதை எனக்குச் சொல்வீர்களா? இந்தப் பையனை உங்களுக்குத் தெரியுமா?" என்று பணிவாகக் கேட்டார்.

எனக்குத் தெரியும். இரண்டாண்டுகள் என் மகனோடு எங்கள் வராந்தாவில் அமர்ந்து படித்தவன் அவன். தந்தை குடித்துவிட்டு வரும் இரவுகளில் தங்கையை அழைத்துக்கொண்டு எங்கள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருப்பான். விடிகாலையில் சந்தையில் மூட்டை தூக்கி, அந்தக் காசில் அரிசி வாங்கிக்கொண்டு போவான். இவையெல்லாம் தெரிந்த நான், இரண்டு வாக்கியங்களை மொழிபெயர்த்துவிட்டு, "எங்களுக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை" என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். வழக்கு, சாட்சி, அலுவலகத்தில் பேச்சு என்ற அச்சம். மகனின் பெயரும் சேர்ந்து வருமோ என்று என் மனைவியின் முகத்தில் தோன்றிய கலக்கம் வேறு. அலுவலர் தம் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு வாழ்பவன் நான். 'அண்டை வீட்டாரிடம் விசாரித்ததில் விவரம் ஏதும் கிடைக்கவில்லை' என்ற வரி ஒரு கோப்பில் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாததா? அது பொய்யன்று, ஆனால் அவ்வரியைப் படிப்பவர் மனத்தில், தனக்காகச் சொல்ல ஒருவரும் இல்லாத பிள்ளை ஒருவன் உருவாகிவிடுவான்.

சிறுவன் சில வாரங்கள் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். பின்னர்க் கண்காணிப்பின்கீழ் வீட்டுக்கு விடப்பட்டான். அந்த வங்காள அலுவலர் மாதந்தோறும் வந்தார். தலைமையாசிரியரைப் பார்த்து மீண்டும் பள்ளியில் இடம் வாங்கினார். அடுத்தடுத்த மாதங்களில் அரைகுறைத் தமிழில் "அம்மா, சாப்பாடு ஆச்சா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். நான் செய்திருக்க வேண்டிய மொழிபெயர்ப்புப் பணிக்காக அவர் என் மொழியையே கற்றார் என்பதை நினைக்கும்போது நாணம் மேலிடுகிறது. அவரிடம் என் குறையை ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார்.

இனி, கோப்பைப் பற்றி ஒரு சொல். எழுத்தரின் அறம் பாதுகாத்தல். எந்தத் தாள் எத்தனை ஆண்டுகள் இருக்க வேண்டும் என்பதை நாங்கள் விதிநூல் பார்த்துச் சொல்வோம். தொலைந்துபோன தாள் எங்களுக்கு இழுக்கு. ஆனால் இச்சட்டமோ, கொடிய குற்ற வழக்குகள் சில நீங்கலாக, சிறுவனின் வழக்குப் பதிவுகளை உரிய காலம் கழித்து அழித்துவிடுக என்கிறது. அவ்வழக்கினால் அவனுக்குப் பின்னாளில் எத்தகுதிக் குறைவும் வரலாகாது என்கிறது. சிறு வயதில் வழக்கில் சிக்கியதைக் காட்டி மத்தியப் படையொன்றில் வேலை மறுக்கப்பட்ட இளைஞர் ஒருவருக்கு, 2019இல் உச்ச நீதிமன்றம் இக்கோட்பாட்டின்படியே நீதி வழங்கியது. ஒருவனைப் பற்றி அனைத்தையும் தேடித் திரட்டுக, பின்னர் அனைத்தையும் இல்லாமல் செய்க! முதலில் இது எனக்கு முரணாகத் தோன்றியது. எண்ணிப் பார்த்தால், திரட்டியதே அவனை விடுவிப்பதற்காக. விடுவித்தபின் அத்தாளுக்கு வேலை இல்லை. தாளை அழிப்பது எளிது. ஒரே கப்பலில் வந்து, ஒரே சந்தையில் காய்கறி வாங்கி, ஒரே பொங்கல் விழாவில் கூடும் நம் போன்ற சிறு சமூகத்தில், பதிவேடு அலுவலகத்தில் மட்டுமா இருக்கிறது? ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் ஒரு படி இருக்கிறது. அதை அழிக்க எந்தக் குழுமமும் ஆணையிட முடியாது.

சென்ற ஆண்டு அச்சிறுவன், இப்போது இளைஞன், என் வீட்டுக்கு வந்தான். அரசுத் தேர்வொன்றில் தேறியிருந்தான். நடத்தைச் சரிபார்ப்புக்கான சான்றுறுதிப் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்து, "மாமா, நீங்க ஆபீசுல பாக்குறவுக, தப்பு இருந்தா சொல்லுங்க" என்று நீட்டினான். என் மனைவி அவனுக்குத் தேநீர் கொடுத்தாள். நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். பெயர், தந்தை பெயர், முகவரி, படித்த பள்ளிகள் எல்லாம் தெளிவான கையெழுத்தில் இருந்தன. எப்போதேனும் கைது செய்யப்பட்டதுண்டா என்று கேட்கும் கட்டத்தில் 'இல்லை' என்று, மற்ற கட்டங்களை எழுதிய அதே அழுத்தத்தோடு, எழுதியிருந்தான். அவன் என் மகனோடு கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். என் கண் மட்டுமே அந்தக் கட்டத்தில் நின்றது. பின்கோடு எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டிருந்தது. அதை மட்டும் சுட்டிக்காட்டிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.