வென்ற வாதம்

ப்ளேட்டோவின் 'குடியரசு' முதல் பகுதியில் த்ரஸிமாக்கஸ் தோற்றுப்போகிறான். முகம் சிவக்கிறது. அதன் பிறகு அவன் சொல்லும் ஆமாம்கள் எல்லாம் ஆளை விட்டால் போதும் என்கிற ஆமாம்கள். இரண்டாம் பகுதி தொடங்கும்போது க்ளாக்கன் ஸாக்ரட்டீஸைக் கேட்கிறான்: எங்களை இணங்கவைத்ததுபோல் தோன்றினால் போதுமா, இல்லை, உண்மையிலேயே இணங்கவைக்க வேண்டுமா? அரசியலில் எதிரெதிராக நிற்கும் இருவர் பேசக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி ஞாபகம் வருகிறது. பெரும்பாலும் முதலாவதோடு திருப்தியடைந்து எழுந்து வந்துவிடுகிறோம்.

ராஜாஜி, பெரியார் உறவைப்பற்றி நம்மிடையே ஒரு வழக்கமான பேச்சு உண்டு. கொள்கையில் எதிரிகள், வாழ்க்கையில் நண்பர்கள். 1972 டிசம்பரில் ராஜாஜியின் தகனத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்து பெரியார் அழுதார். இதை நாகரிகம் என்று மெச்சி முடித்துக்கொள்கிறோம். எனக்கு உறுத்துவது வேறு. அரை நூற்றாண்டு பழகிய இரண்டு அசாதாரண புத்திசாலிகள் எந்தப் பெரிய விஷயத்திலாவது ஒருவரையொருவர் மாற்றினார்களா?

இருவரும் மாறினார்கள் என்பதுதான் விசித்திரம். 1938இல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியவர் ராஜாஜி. எதிர்த்துச் சிறை சென்றவர் பெரியார். 1965இல் ஹிந்தி கூடாதென்றவர் ராஜாஜி. அந்த வருஷத்துக் கிளர்ச்சியைக் கண்டித்தவர் பெரியார். (ஹிந்திமேல் அவருக்குப் பிரியம் வந்துவிடவில்லை, காமராஜின் காங்கிரஸ் கவிழக்கூடாது என்பது அவர் கணக்கு.) எதிரெதிரே நடந்து ஒருவரையொருவர் தாண்டிப் போயிருக்கிறார்கள். ராஜாஜி பின்னாளில் பேசியவற்றில் பல, 1938இல் அவர் காதில் விழுந்தவையாகத்தான் இருக்க வேண்டும். சொன்னவர் எதிராளியாக இருந்தவரை அவை ஏறவில்லை.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். மாலையில் ரொக்கம் உதைத்தால் நானும் காசாளரும் அரை மணி சண்டை போடுவோம். பிறகு ஒரு வவுச்சர் அகப்படும். ஒருவர் வாயை மூடிக்கொள்வார். அதில் அவமானம் கிடையாது. எது சான்று என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை.

1953இல் தகராறு அங்கேதான் இருந்தது. கிராமப் பள்ளிகளுக்கு ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் அவர் பார்த்தது பற்றாக்குறையை: இருக்கிற ஆசிரியர்களை வைத்து மூன்று மணி நேரமாக இரண்டு வேளை நடத்தினால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம், மீதி நேரம் வீட்டுத் தொழில் பழகட்டும். பெரியார் பார்த்தது அந்த 'வீட்டுத் தொழிலை'. அதற்குள் வருணம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. குலக்கல்வி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருவருக்குச் சான்றான எண்கள் மற்றவருக்குத் திரை. ஒருவருக்குச் சான்றான சரித்திரம் மற்றவருக்குத் துவேஷம். வாதத்தால் எதுவும் தீரவில்லை. எதிர்ப்பு வலுத்து, கட்சிக்குள்ளேயே ஆதரவு போய், 1954இல் ராஜாஜி விலகினார்; காமராஜ் வந்தார்; திட்டம் கைவிடப்பட்டது. நல்லதற்கே என்பவன் நான். ஆனால் தீர்த்துவைத்தது எண்ணிக்கை.

சான்று எது என்பதே வேறுபடும்போது, ஒருவனை மாற்றுவது அவனைத் தன் மனிதர்களிடமிருந்து, யார் சொல்லி நம்பினானோ அந்தச் செத்துப்போன அப்பா உட்பட, பிரித்தெடுப்பதாகிவிடுகிறது. ஒரே பிற்பகலில், எதிராளி பார்த்துக்கொண்டிருக்க, அதை யாரும் செய்ய மாட்டார்கள். செய்பவனை நாமும் மதிக்க மாட்டோம். மார்க்ஸியர்கள் இதை வர்க்க நலன் என்று சுருக்கிவிடுவார்கள். நலனை விட்டுக்கொடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். கூட்டத்தை விட்டுக்கொடுத்தவர்களை அதிகம் கண்டதில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். ராஜாஜி பக்தர். "அந்தத் திட்டத்தை முழுசாப் படிச்சிருக்கீங்களா தம்பி?" என்பார். நானும் விடுவதில்லை. 1953இல் என் தாத்தா மூன்றாம் வகுப்பு. அவருடைய அப்பா துணி வெளுப்பவர். பிற்பகல்களில் பையன் வெள்ளாவிக்கு விறகு சுமந்தான். மறு வருஷம் திட்டம் நின்றது. பள்ளியிறுதிவரை படித்தார், தபால் இலாகாவில் வேலை கிடைத்தது, அதன் தொடர்ச்சியாக நான் ப்ளேட்டோவைப்பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைச் சொன்ன அன்று சார் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "காபி ஆறுது, சாப்பிடுங்க" என்றார். ஜெயித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் பழைய இடத்திலிருந்தே ஆரம்பித்தார்.

அந்தக் கதையில் ஒன்றை நான் விட்டுவிட்டேன். தாத்தா அந்தப் பிற்பகல்களை வெறுக்கவில்லை. துறையில் அப்பாவோடு சேர்ந்து நின்றது அந்த ஒரு வருஷம்தான், பிறகு இரண்டு பேருக்கும் பேச விஷயமே இல்லாமல் போய்விட்டது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இது திட்டத்தை நியாயப்படுத்தாது; என் முடிவும் மாறவில்லை. இருந்தும் சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அதைத் தன் பக்கத்துச் சான்றாக எடுத்து வைத்துக்கொள்வார் என்று பயம். அவர் இணங்கவில்லை என்று குறைப்படுகிற நான், கையிலிருக்கும் வவுச்சரை மேஜைக்கு அடியில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டில் காபி சாப்பிட்டேன். சொல்லவில்லை.